சைக்கிள் புத்தகம்

ஐப்பசி பிறந்ததிலிருந்து மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் விடாமல் மழை பெய்ததில் எங்கள் திருச்சி சைக்கிள் குழு முக்கொம்புக்கும் போகவில்லை, கல்லணைக்கும் போகவில்லை. எது பள்ளம், எது வெறும் தேங்கிய நீர் என்று தெரியாத சாலையில் முப்பது பேரை விடிவதற்கு முன் வரச் சொல்வது பொறுப்பற்ற செயல் என்று குழுவை நடத்துபவர் கருதினார், அது சரிதான். ஆனால் ஓட்ட முடியாமல் வீட்டில் உட்கார்ந்திருக்கும் சைக்கிள்காரர்களைப் போல எரிச்சல் பிடித்தவர்களைக் காண்பது அரிது. மூன்றாவது ஞாயிறு நண்பகலுக்குள், எந்த டயர் நல்லது என்று வாட்ஸ்அப்பில் தொடங்கிய பேச்சு முற்றி, இருவர் இனி ஒருவர் முகத்தில் ஒருவர் விழிப்பதில்லை என்ற கட்டத்தை எட்டிவிட்டது. அப்போதுதான் குழுவில் உள்ள மருத்துவர் அம்மா ஒரு யோசனை சொன்னார். வரும் சனிக்கிழமை மாலை எல்லோரும் தில்லை நகரில் உள்ள அவருடைய வீட்டு மாடிக்கு வர வேண்டும்; சைக்கிள் சம்பந்தப்பட்ட புத்தகம் ஒன்றைக் கையோடு கொண்டுவர வேண்டும்; அதைப் பற்றி மூன்று நிமிடம் பேசிவிட்டு நடுவில் விரித்திருக்கும் ஜமக்காளத்தில் வைத்துவிட வேண்டும்; வேண்டுபவர் எடுத்துக்கொண்டு போய் அடுத்த மாதம் திருப்பித் தரலாம். சுண்டலும் காபியும் தம் பொறுப்பு என்றார்.

எனக்கு இதில் பெரிய ஆர்வம் இருந்ததென்று சொல்ல மாட்டேன். புத்தகம் படிப்பது ஒரு வேலை, சைக்கிள் மிதிப்பது இன்னொரு வேலை, இரண்டையும் கலந்தால் இரண்டும் கெட்டுவிடும் என்பது என் எண்ணமாக இருந்தது. அதைவிட, இந்த மனிதர்களோடு உட்கார்ந்து பேசிய பழக்கம் எனக்கு இல்லை. சைக்கிள் குழு என்றால் கூடிப் பேசிச் சிரிக்கும் இடம் என்று வெளியில் உள்ளவர்கள் நினைக்கிறார்கள். நாங்கள் ஒருவர் பின் ஒருவராக வரிசையில் போகிறவர்கள். ஆடிக் காற்றை எதிர்த்து முக்கொம்புக்குப் போகும்போது முதலில் போகிறவர் காற்றைத் தம் மார்பில் வாங்கிக்கொள்வார். மற்றவர்கள் முன்னால் உள்ள பின்சக்கரத்துக்கு ஒரு முழ இடைவெளியில் ஒட்டிக்கொண்டு போவார்கள். சில நிமிடங்களில் முதல்வர் விலகிக் கடைசிக்கு வர, இரண்டாமவர் காற்றுக்கு முகம் கொடுப்பார். ஆறு ஆண்டுகளாக இப்படி ஓட்டியதில் எனக்கு என் கூட்டாளிகளின் முதுகு நன்றாகத் தெரியும். யாருக்கு இடது தோள் சற்றே தாழ்ந்திருக்கும், யார் ஏற்றம் வந்ததும் சீட்டை விட்டு எழுந்துவிடுவார், யாருடைய சட்டை முதலில் எந்த இடத்தில் நனையும் என்பதெல்லாம் தெரியும். அவர்களில் சிலர் என்ன வேலை பார்க்கிறார்கள் என்பதே அந்தச் சனிக்கிழமைதான் தெரிந்தது. எங்களுக்குள் நடந்த உரையாடல் என்பது பெரும்பாலும் ‘பள்ளம்’, ‘வண்டி’, ‘நாய்’ என்ற ஒற்றைச் சொற்கள்தான்.

மழை விட்டிருந்த அந்த மாலையில் இருபத்திரண்டு பேர் வந்திருந்தார்கள். மூன்று நிமிடம் முடிந்ததை அறிவிக்க, பழைய ஹேண்டில்பாரில் ஒரு துண்டை அறுத்து மரக்கட்டையில் பொருத்தி, அதில் கட்டைவிரலால் தட்டும் பழைய பித்தளை மணியை மாட்டியிருந்தார்கள். அடிக்கும் பொறுப்பு மருத்துவரின் பேரனுக்கு. பக்க அடையாளத்துக்கென்று பழைய டியூபை விரற்கடை அகலத்துக்குக் கத்தரித்துத் தட்டில் வைத்திருந்தார்கள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. டியூபின் உட்புறத்தில் வெள்ளைப் பொடி ஒட்டியிருக்கும் என்பதும், வெளிப்புறத்துக் கறுப்பு தாளில் இறங்கும் என்பதும், டியூப் மாற்றுவதையே பொழுதுபோக்காகக் கொண்ட இருபத்திரண்டு பேரில் ஒருவருக்கும் அன்று தோன்றவில்லை. என் புத்தகத்தின் 96ஆம் பக்கத்தில் இன்றும் ஒரு கரிய பட்டை இருக்கிறது.

உறுப்பினர் அல்லாத ஒருவரும் வந்திருந்தார். பாலக்கரையில் மகன் வீட்டில் இருக்கும் பெரியவர். எங்கள் சக்கரங்களுக்கெல்லாம் கோட்டம் எடுப்பவர். எங்கள் சைக்கிள்களின் கியரைத் தொட மாட்டார், ஹைட்ராலிக் பிரேக்கை ஏறெடுத்தும் பார்க்க மாட்டார். ஆனால் சக்கரத்தைச் சுழலவிட்டு, ஃபோர்க்கின் ஓரமாகக் கட்டைவிரல் நகத்தை வைத்து, ரிம் எங்கே உரசுகிறது என்று கண்டுபிடித்து, கால் திருப்பு, அரைத் திருப்பு என்று கம்பிகளை முறுக்கிச் சரிசெய்வதில் அவருக்கு இணை இல்லை. மருத்துவர் அவருக்கும் அதே வாட்ஸ்அப் செய்தியை அனுப்பியிருந்தார். அவர் செய்தித்தாளில் சுற்றிய நீளமான ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

முதல் முறை எனக்கு வந்தது. நான் கொண்டுபோனது டெர்வ்லா மர்ஃபியின் ‘ஃபுல் டில்ட்’. 1963 ஜனவரியில், ஐரோப்பா முழுவதும் பனியில் உறைந்து கிடந்தபோது, அயர்லாந்திலிருந்து தன்னந்தனியாகப் புறப்பட்டு, துருக்கி, ஈரான், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் வழியாக அந்த ஆண்டு ஜூலையில் டெல்லி வந்து சேர்ந்தவர் அவர். அந்தப் பயணத்தின் நாட்குறிப்பு 1965இல் நூலாக வந்தது. யூகோஸ்லாவியாவில் ஓநாய்களைக் கைத்துப்பாக்கியால் சுட்டதும், ஆப்கானிஸ்தானில் பேருந்துக்குள் துப்பாக்கிக் கட்டை இடித்து விலா எலும்பு முறிந்ததும் அதில் உண்டு. இவற்றைச் சொன்னால் கூட்டம் நிமிர்ந்து உட்காரும் என்பது எனக்குத் தெரியும். ஆயினும் நான் அவருடைய பத்தாவது பிறந்தநாளில் தொடங்கினேன். அன்று அவருக்குப் பழைய சைக்கிள் ஒன்றும் பழைய உலகப்பட நூல் ஒன்றும் கிடைத்தன. சில நாள் கழித்து, தம் ஊரான லிஸ்மோருக்கு அருகே ஒரு மேட்டில் ஏறிக்கொண்டிருக்கையில், இந்தக் கால்கள் இப்படியே சுற்றிக்கொண்டிருந்தால் இந்தியாவுக்கே போய்விடலாமே என்று தோன்றியிருக்கிறது. அதை யாரிடமும் சொல்லவில்லை. பதினான்கு வயதில் பள்ளியை விட்டு நின்று, மூட்டுவாதத்தால் முடங்கிய தாயைப் பார்த்துக்கொண்டார். தாய் இறந்தது 1962இல். ஆக, பத்து வயதில் தோன்றிய ஆசை புறப்படுவதற்கு இருபத்தோரு ஆண்டுகள் காத்திருந்தது. இந்தக் காத்திருப்பைச் சொல்லிக்கொண்டிருந்தபோதே மணி அடித்துவிட்டது. என் டெர்வ்லா மர்ஃபி வீட்டு வாசலைக் கூடத் தாண்டவில்லை.

அவசரமாக ஒன்றை மட்டும் சேர்த்துக்கொண்டேன். ‘ரோஸ்’ என்று அவர் பெயரிட்டிருந்த அந்த ஆண்கள் சைக்கிளில் மூன்று கியர் இருந்தது. ஆசியச் சாலைகளை அது தாங்காது என்று கருதிப் புறப்படுவதற்கு முன் அதைக் கழற்றிவிட்டார். கடைசி வரிசையிலிருந்து “நல்ல காரியம் செஞ்சுச்சு அந்தப் பொண்ணு” என்று பெரியவரின் குரல் வந்தது. எங்களில் பலர் கியருக்கு மட்டுமே முப்பதாயிரம் கொடுத்தவர்கள்.

அடுத்து, பெரிய கடைவீதியில் ஜவுளிக் கடை வைத்திருப்பவர் பார்சி இளைஞர்களின் கதையைக் கொண்டுவந்திருந்தார். பம்பாய் எடைதூக்கும் சங்கத்தைச் சேர்ந்த ஆறு பேர் 1923 அக்டோபரில் உலகைச் சுற்றிவரக் கிளம்பினார்கள்; நான்கரை ஆண்டுகள் கழித்து, 1928 மார்ச்சில், எழுபதாயிரம் கிலோமீட்டருக்கு மேல் மிதித்துவிட்டு மூன்று பேர் திரும்பி வந்தார்கள். அந்த மூவரான ஆதி ஹகீம், ஜால் பாபசோலா, ருஸ்தம் பும்காரா ஆகியோர் எழுதிய நூல் 1931இல் ஜவாஹர்லால் நேருவின் முன்னுரையோடு வெளிவந்தது. ஜவுளிக் கடைக்காரர் முடித்த மூவரைப் பற்றி ஒரு நிமிடம்தான் பேசினார். மீதி நேரம் முழுவதும் முடிக்காத மூவரைப் பற்றியது. ஒருவர் தெஹ்ரானோடு திரும்பிவிட்டார், ஒருவர் அமெரிக்காவிலேயே தங்கிவிட்டார் என்று புத்தகம் சில வரிகளில் கடந்துபோகிற இடங்களை அவர் பென்சிலால் அடிக்கோடிட்டு வைத்திருந்தார். ‘பிரவே’ என்பது நேரக் கெடு வைத்து ஓட்டும் நெடுந்தூர சைக்கிள் ஓட்டம்; இருநூறு கிலோமீட்டர் என்றால் பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடித்தாக வேண்டும். அதில் அவர் இரண்டு முறை பாதி வழியில் நின்று, சைக்கிளைச் சரக்கு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தவர் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அவர் அதைச் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

கணினி நிறுவனத்தில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர், டச்சு எழுத்தாளர் டிம் கிராபே 1978இல் எழுதிய ‘தி ரைடர்’ பற்றிப் பேசினார். பிரான்சின் மலைப்பகுதியில் நடக்கும் ஒரே பந்தயம், 137 கிலோமீட்டர், கிலோமீட்டர் கிலோமீட்டராகக் கதை நகர்கிறது. எழுதியவர் சதுரங்கமும் ஆடுபவர் என்பதால் பந்தயத்தில் ஒவ்வொருவரும் அடுத்தவரின் களைப்பைக் கணக்குப் போடுவது அவ்வளவு துல்லியமாக வந்திருக்கிறது என்பது அவருடைய கருத்து. நல்ல புத்தகம்தான். ஆனால் பந்தயம் ஓட்டாதவர்களைப் பார்த்து இரக்கப்படும் குரல் அதில் ஓடிக்கொண்டே இருக்கிறது. அதைப் படித்துவிட்டு வந்த நாளிலிருந்துதான் அந்தத் தம்பி முக்கொம்பு சாலையில் எங்களையெல்லாம் பின்னால் விட்டுவிட்டுப் போகத் தொடங்கினார் என்று நினைக்கிறேன்.

அதன்பின் வந்ததுதான் அன்றைய சண்டை. வங்கியில் மேலாளராக இருக்கும் நண்பர், அதிகம் பேசாதவர், லான்ஸ் ஆம்ஸ்ட்ராங்கின் ‘இட்ஸ் நாட் அபவுட் த பைக்’ நூலைப் பையிலிருந்து எடுத்ததும் இரண்டு மூன்று பேர் முகம் சுளித்தார்கள். 1996இல் விரைப் புற்றுநோய் கண்டு, அது நுரையீரலுக்கும் மூளைக்கும் பரவி, அதிலிருந்து மீண்டு வந்து 1999 முதல் 2005 வரை தொடர்ந்து ஏழு முறை டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தை வென்றவர். 2000இல் வந்த இந்தத் தன்வரலாறு உலகெங்கும் புற்றுநோயாளிகளின் படுக்கையருகே இருந்த நூல். 2012இல் ஊக்கமருந்துக் குற்றத்துக்காக அந்த ஏழு வெற்றிகளும் பறிக்கப்பட்டன. மறு ஆண்டு தொடக்கத்தில் தொலைக்காட்சியில் அவரே ஒப்புக்கொண்டார். பொய்யன் புத்தகத்தை நம் ஜமக்காளத்தில் வைக்கக் கூடாது என்றார் ஒருவர். வைக்கலாம், ஆனால் கதைப் புத்தகம் என்று சொல்லிவிட்டு வைக்க வேண்டும் என்றார் இன்னொருவர். பலர் சிரித்தார்கள்.

வங்கி நண்பர் சிரிப்பு அடங்கும் வரை காத்திருந்தார். தம்முடைய அண்ணனுக்குக் குடலில் புற்றுநோய் வந்து சிகிச்சை நடந்த எட்டு மாதங்களும், மருந்து ஏறும் ஒவ்வொரு முறையும், தாம் பக்கத்தில் உட்கார்ந்து இந்தப் புத்தகத்தைத் தமிழில் சொல்லிச் சொல்லிப் படித்துக் காட்டியதாகக் கூறினார். அண்ணன் சைக்கிளைப் பற்றிய பகுதிகளைத் தள்ளிவிடச் சொல்வாராம். வாந்தி, முடி உதிர்வது, நாக்கில் உலோகச் சுவை ஏறுவது, இவை வரும் பக்கங்களைத்தான் மறுபடி மறுபடி கேட்பாராம். அண்ணன் பிழைத்துக்கொண்டார். 2012இல் செய்தி வந்தபோது அதை அவரிடம் சொல்லலாமா என்று வீட்டில் இரண்டு நாள் யோசித்திருக்கிறார்கள். சொன்னதும் அவர், “சீக்கு வந்தது நெஜந்தானேடா” என்று மட்டும் கேட்டாராம்.

நான் அன்று வாய் திறக்கவில்லை; பிறகு யோசித்ததை எழுதுகிறேன். மோசடிக்காரரின் புத்தகம் என்று ஒதுக்குவது எளிது. அந்த மோசடியால் வாய்ப்பிழந்த நேர்மையான ஓட்டிகள் பலர் என்பதால் ஒதுக்குவதற்கு நியாயமும் இருக்கிறது. ஆனால் அதை ஒதுக்கச் சொன்னவர்கள் எல்லோரும் அதைப் பந்தயப் புத்தகமாகப் படித்தவர்கள். அந்த நண்பர் அதை அப்படிப் படிக்கவே இல்லை. புத்தகம் ஜமக்காளத்தில் வைக்கப்பட்டது, ஒருவரும் எடுக்கவில்லை, இரவு அவரே பையில் போட்டுக்கொண்டு போனார்.

அதற்கு எதிர்முனையில் ஒரு புத்தகத்தைக் கல்லூரி மாணவர் ஒருவர் கொண்டுவந்திருந்தார். மேஜர் டெய்லர் என்ற கறுப்பின அமெரிக்கர் 1899இல் மாண்ட்ரியாலில் சைக்கிள் உலக வெற்றியாளர் ஆனவர். வெள்ளையர்கள் பந்தயப் பாதையில் அவரை இடித்துத் தள்ளினார்கள், ஒருவர் பந்தயம் முடிந்ததும் மயங்கும் வரை கழுத்தை நெரித்தார். தம் கதையைத் தாமே எழுதி 1928இல் வெளியிட்டு, பிரதிகளைச் சுமந்துகொண்டு வீடு வீடாகப் போய் விற்றார். 1932இல் சிகாகோவில் ஏழைகளுக்கான மருத்துவமனை வார்டில் இறந்தார். மாணவர் இதைச் சொல்லி முடித்தபோது மூன்று நிமிடம் ஆகியிருக்கவில்லை. ஆனாலும் அவர் உட்கார்ந்துவிட்டார்.

காபி வந்தது. காபிக்குப் பின் கூட்டத்தின் போக்கு மாறியதற்கு, திருவெறும்பூர் பெல் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர் காரணம். அவர் கொண்டுவந்தது ஃபிளான் ஓ’பிரையன் என்ற ஐரிஷ்காரரின் ‘தி தர்ட் போலீஸ்மேன்’ என்ற நாவல். 1940வாக்கில் எழுதி முடிக்கப்பட்டு, பதிப்பகத்தார் மறுத்ததால் மூலையில் கிடந்து, ஆசிரியர் இறந்த மறு ஆண்டு, 1967இல், அச்சேறியது. அதில் வரும் போலீஸ்காரர்களுக்கு ஓர் அணுக் கொள்கை உண்டு. கரடுமுரடான சாலையில் ஆண்டுக்கணக்கில் சைக்கிள் ஓட்டுகிறவனின் அணுக்கள் இருக்கை வழியாகச் சைக்கிளுக்குப் போகின்றன, சைக்கிளின் அணுக்கள் அவனுக்குள் வருகின்றன; நாளடைவில் மனிதன் பாதி சைக்கிள், சைக்கிள் பாதி மனிதன். ஊரில் யார் எத்தனை விழுக்காடு சைக்கிள் என்று அவர்கள் கணக்கு வைத்திருக்கிறார்கள். சுவரில் சாய்ந்தே நிற்பவன், ஒற்றைக் காலை ஊன்றி நிற்பவன் இவர்களெல்லாம் மிக முற்றிய நிலை.

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருக்க, பெரியவர் சிரிக்காமல், அது உண்மைதான் என்றார். வாடகைக்குப் போய்வந்த வண்டியைப் பார்த்தே யார் எடுத்துக்கொண்டு போனார் என்று தம்மால் சொல்ல முடியும் என்றார். சீட்டு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, எந்தப் பெடல் கட்டை தேய்ந்திருக்கிறது, ஹேண்டில் எவ்வளவு கோணியிருக்கிறது என்பதில் ஆள் இருப்பார் என்றார். குரங்குப் பெடல் அடிக்கும் பையன் எடுத்துப் போன வண்டி என்றால் பாரின் அடிப்புறத்தில் எண்ணெய்ப் பசை இருக்கும். அவன் தலை உரசிய இடம் அது.

மருத்துவர் தம் முறையில், ஃபிரான்சிஸ் வில்லர்ட் என்ற அமெரிக்கப் பெண் 1895இல் எழுதிய சிறு நூலை எடுத்தார். மதுவிலக்கு இயக்கத்தின் தலைவராக இருந்தவர், தம் 53ஆம் வயதில் சைக்கிள் கற்றுக்கொண்டதை எழுதியிருக்கிறார். சைக்கிளுக்கு ‘கிளாடிஸ்’ என்று பெயர் வைத்து, நாளொன்றுக்குச் சராசரியாகப் பதினைந்து நிமிடம், மூன்று மாதம் பழகியிருக்கிறார். மருத்துவர் தாமும் நாற்பத்தெட்டு வயதில்தான் கற்றவர். மகன்கள் இருவரும் கேரியரைப் பிடித்துக்கொண்டு ஓடி வருவதாகச் சொல்லிவிட்டுப் பிடிக்காமல் விட்டதை இன்னும் மன்னிக்கவில்லை என்றார்.

அதைக் கேட்டதும், வரிசைப்படி தம் முறை வராத போதும், ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெருவிலேயே இருக்கும் பள்ளி ஆசிரியை எழுந்தார். அவர் கையில் இருந்தது பி. சாய்நாத்தின் ‘எவ்ரிபடி லவ்ஸ் எ குட் டிராட்’. அது சைக்கிள் புத்தகம் அல்ல, இந்தியாவின் மிக ஏழை மாவட்டங்களைப் பற்றி 1996இல் வந்த நூல். ஆனால் அதில் புதுக்கோட்டையைப் பற்றிய ஓர் அத்தியாயம் முழுக்க முழுக்கச் சைக்கிளைப் பற்றியது. 1991இல் அறிவொளி இயக்கம் அந்த மாவட்டத்தில் எழுத்தறிவிக்கப் புறப்பட்டபோது ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத், பெண்கள் சைக்கிள் பழகுவதையும் அதன் பகுதியாக்கினார். சைக்கிள் வாங்க வங்கிக் கடனுக்கும் ஏற்பாடு செய்தார். ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் கற்றுக்கொண்டார்கள் என்றும், 1992 மகளிர் நாளன்று 1,500 பெண்கள் மணியடித்தபடி புதுக்கோட்டைக்குள் ஊர்வலமாக வந்தார்கள் என்றும் சாய்நாத் எழுதுகிறார். லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்ததையும், பல பெண்கள் ஆண்கள் வண்டியையே விரும்பினார்கள் என்பதையும் சொல்லி, அதற்கு ஒரு காரணத்தையும் தருகிறார்: சீட்டுக்கும் ஹேண்டிலுக்கும் நடுவில் உள்ள பாரில் குழந்தையை உட்கார வைத்துக்கொள்ளலாம்.

“அந்தப் பார்ல உக்காந்த பிள்ளை நான்தான்” என்றார் ஆசிரியை. அன்னவாசல் பக்கத்துக் கிராமம். தாய்க்கு அப்போது முப்பத்திரண்டு வயது. பாரில் ஒரு துண்டை மடித்துச் சுற்றி, இவரை ஒருபக்கமாக உட்கார வைத்து, பின்னால் கேரியரில் கத்தரிக்காய்க் கூடையைக் கட்டிக்கொண்டு சந்தைக்குப் போவாராம். ஏற்றத்தில் தாயின் மூச்சு தன் உச்சந்தலையில் சூடாகப் படும் என்பதுதான் தமக்கு நினைவில் இருக்கும் சைக்கிள் என்றார். பேருந்துக்குக் காத்திருக்காமல், யாரிடமும் கொண்டுபோய் விடச் சொல்லிக் கேட்காமல், காய் வாடுவதற்கு முன் போய்ச் சேர முடிந்ததில் ஒருநாள் வருமானம் எவ்வளவு கூடியது என்பதை அவர் தாய் சாகும் வரை பைசாக் கணக்காகச் சொல்லுவாராம்.

அவர் உட்காருவதற்குள் பெரியவர் எழுந்துவிட்டார். செய்தித்தாளைப் பிரித்தார். உள்ளே இருந்தது சிவப்புத் துணி ஒட்டிய அட்டை போட்ட நீளமான பேரேடு. “சைக்கிள் புத்தகம் எடுத்துட்டு வரச் சொன்னீங்க. எங்கிட்ட இருக்கற சைக்கிள் புத்தகம் இதான்” என்றார். பாலக்கரைக்கு வருவதற்கு முன் அவர் கீரனூர் கடைத்தெருவில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தவர் என்பதை நாங்கள் ஒருவரும் கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கவில்லை. திருச்சி – புதுக்கோட்டை சாலையில் பாதி வழியில் உள்ள ஊர். நாங்கள் அங்கே தேநீர் குடிக்க நிற்பதுண்டு.

பதினான்கு வண்டிகள் இருந்தனவாம். ஒவ்வொன்றின் பின் மட்கார்டிலும் எண் எழுதியிருக்கும். அந்தப் பதினான்கையும் சேர்த்து அன்று விற்றிருந்தாலும் இன்று என் ஒரு சைக்கிளின் விலைக்குக் காணாது. பேரேட்டில் தேதி, பெயர், வண்டி எண், எடுத்த நேரம், விட்ட நேரம், தொகை, குறிப்பு என்று ஏழு பத்திகள். மணிக்கு ஒரு ரூபாய். குறிப்புப் பத்தியில் ‘பங்ச்சர்’, ‘செயின் கழன்றது’, ‘பெல் மூடி இல்லை’ என்று அவருடைய சாய்ந்த கையெழுத்து. முதல் முப்பது நாற்பது பக்கங்களில் ஆண்களின் பெயர்கள் மட்டுமே. பிறகு, 1991இன் கடைசி மாதங்களில், பெயர்ப் பத்தியில் ‘இன்னார் சம்சாரம்’, ‘இன்னார் மகள்’ என்று வரத் தொடங்குகிறது. எடுத்த நேரமெல்லாம் மாலை ஆறரை, ஏழு. கல்லுடைத்துவிட்டு வருகிறவர்கள் என்று விளக்கினார். இருவராக வருவார்கள், ஒருவர் சீட்டில், ஒருவர் கேரியரைப் பிடித்துக்கொண்டு. அந்தப் பக்கங்களின் குறிப்புப் பத்தியில் ‘கோட்டம்’, ‘கோட்டம்’ என்று ஒரு பக்கத்துக்கு ஆறேழு முறை இருந்தது. கோட்டத்துக்குக் காசு வாங்கினீர்களா என்று ஜவுளிக் கடைக்காரர் கேட்டார். பாதி என்றார்.

பேரேட்டை ஜமக்காளத்தில் விரித்து, எல்லோரும் மண்டியிட்டுக் குனிந்து பார்த்தோம். இன்னும் சில பக்கங்கள் தள்ளி, பெயர்ப் பத்தியில் கையெழுத்தே மாறியிருந்தது. அறிவொளியில் பெயர் எழுதக் கற்றுக்கொண்டவர்கள், பேரைத் தாங்களே எழுதுகிறோம் என்று கேட்டு வாங்கி எழுதியிருக்கிறார்கள். உருண்டு திரண்ட பெரிய எழுத்துகள். பத்திக்குள் அடங்காமல் வண்டி எண்ணின் மேல் ஏறி, கீழே இரண்டு வரிகளை மறைத்து நின்றன. ‘ம்மாள்’ என்று முடியும் ஒரு பெயரில் இரண்டு மெய்யெழுத்துகளுக்கும் புள்ளி வைக்க மறந்து, பிறகு நினைவு வந்து வைத்திருக்க வேண்டும். பேனாவை அழுத்தியதில் இரண்டு இடத்திலும் தாள் பொத்துப்போயிருந்தது. பெரியவர் அந்த ஓட்டைகளைக் காட்டி, இதனால் அடுத்த பக்கக் கணக்கும் கெட்டது என்று முப்பது ஆண்டுகளுக்குப் பிந்தைய குறையைச் சொன்னார். மணி அடிக்கவில்லை, பேரன் சுவரோரம் தூங்கிப்போயிருந்தான்.

ஆசிரியை பக்கம் பக்கமாகத் தம் தாயின் பெயரைத் தேடினார். கிடைக்காது என்று அவருக்கே தெரியும். அன்னவாசல்காரர் கீரனூருக்கு வந்து வாடகை வண்டி எடுத்திருக்க வழியில்லை. தேடி முடித்ததும், இதை ஒரு மாதம் நான் கொண்டுபோகலாமா என்று கேட்டார். பெரியவருக்கு அப்போதுதான் கூட்டத்தின் விதி புரிந்தது. கணக்குப் புத்தகத்தை எப்படி வெளியில் தருவது, இதில் இன்னும் மூன்று பேர் பாக்கி நிற்கிறதே என்றார். அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மூன்று பெயர்களையும் காட்டினார். ஒருவர் இறந்துவிட்டார் என்பதும் தெரிந்துதான் இருந்தது.

சிறிது நேரம் யோசித்தார். பிறகு பேரேட்டின் கடைசி எழுதாத பக்கத்தைத் திருப்பி, மருத்துவரிடம் பேனா வாங்கி, தேதி போட்டார். பெயர்ப் பத்தியை விட்டுவிட்டு, அது நீங்கள் எழுத வேண்டியது என்று ஆசிரியையிடம் நீட்டினார். அவர் எழுதினார். வண்டி எண் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கோடு. எடுத்த நேரம் இரவு 8.40. மறுபடி தூறல் பிடித்துக்கொண்டதால் பேரேட்டைப் பாலிதீன் பையில் இரண்டு சுற்றுச் சுற்றி, ஆசிரியையின் முதுகுப் பையில் வைத்தார்கள். காவிரிப் பாலத்தில் நான் அவருக்குப் பின்னால்தான் வந்தேன். பை சற்று உயர்ந்து, கழுத்துக்குப் பின்னால் அட்டையின் முனை முட்டிக்கொண்டிருந்தது. அதனாலோ என்னவோ, அன்று அவர் வழக்கத்தைவிட நிமிர்ந்து மிதித்தார்.

அடுத்த மாதக் கூட்டத்தில் புத்தகங்கள் திரும்பி வந்தன. என்னுடையது கரிய பட்டையோடு வந்தது. பார்சிகளின் கதையை எடுத்துப் போன தம்பி பாதிதான் படித்திருந்தார். பெரியவர் பேரேட்டை வாங்கி, முதலில் பாக்கிப் பெயர்கள் மூன்றும் இருக்கின்றனவா என்று பார்த்தார். கடைசிப் பக்கத்தைத் திருப்பி, விட்ட நேரத்தை எழுதினார். அட்டையை இரண்டு கையிலும் பிடித்து, கண்ணருகே உயர்த்தி, சக்கரத்தைப் பார்ப்பது போல ஓரமாகப் பார்த்துவிட்டு, குறிப்புப் பத்தியில் எழுதினார்: ‘கோட்டம் இல்லை.’